மூளைப் பயிற்சிப் பட்டை வாங்கப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் காட்பாடி, சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம் பக்கம் ஆட்டோ முதுகிலும் மின்கம்பத்திலும் விளம்பரங்கள் ஏறிவிடும். அபாகஸ், நினைவாற்றல் வகுப்பு, நடுமூளைத் தூண்டல் என்று நீண்டிருந்த வரிசையில் இப்போது நெற்றியில் மாட்டும் மின் பட்டையும் சேர்ந்திருக்கிறது. பிள்ளையின் மூளை அலையை அளந்து, திரையில் காட்டி, கேம் வழியாகக் கவனத்தை ஏற்றித் தருவோம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கட்டணமும் நன்றாகவே இருக்கிறது.

வாங்கவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதுதான் விஷயம். நிறைய பேர் முதலில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள், பிள்ளைக்கு என்ன சிக்கல் என்று அப்புறம் யோசிக்கிறார்கள். கீழே சொல்லும் வரிசையில் போனால் பல வீடுகளில் கருவி வரைக்கும் போக வேண்டியிருக்காது.

படி 1: குறையை ஒரே வரியில் எழுதுங்கள்

"சார், இவனுக்குக் கவனமே இல்ல" என்று வரும் அம்மாக்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எதுலம்மா இல்ல?" பெரும்பாலும் பதில் உடனே வராது. கவனம் என்பது ஒரே சரக்கு கிடையாது. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி விடுவது ஒன்று. கணக்கில் மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரியை மறப்பது வேறொன்று. உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்து எழுந்து போவது இன்னொன்று. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

ஒரு நோட்டு எடுத்து எண்ணக்கூடிய மாதிரி எழுதுங்கள். 'வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தால் 10 நிமிடத்தில் மூன்று முறை எழுகிறான்.' 'எட்டாம் வாய்ப்பாடு சொன்னால் நாலெட்டிலேயே நின்றுவிடுகிறாள்.' எந்த நேரம், எந்தப் பாடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் போதும். வகுப்பு ஆசிரியரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். வீட்டில் மட்டும் சிக்கல், பள்ளியில் இல்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் வீடு. கணக்குப் பாடவேளையில் மட்டும் என்றால் பார்க்க வேண்டியது கணக்கு.

ஒரு எச்சரிக்கை. "செல்போன்ல ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்றானே, அப்போ கவனம் நல்லாத்தானே இருக்கு" என்று பலர் சொல்வார்கள். கேம் நொடிக்கு நொடி பரிசு கொடுத்துப் பிள்ளையை இழுத்து வைத்திருக்கிறது. பரிசு எதுவும் இல்லாத வாய்ப்பாட்டில் அவன் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு.

படி 2: கண், காது, வயிறு, தூக்கம், பாஷை

இந்தப் படியை யாரும் தாண்டக் கூடாது. இதில் செலவும் குறைவு, பலன் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

கண்: கிட்டப்பார்வை உள்ள பிள்ளை தனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லாது. எல்லோருக்கும் பலகை இப்படி மங்கலாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும், திட்டு வாங்கும். அரசுப் பள்ளி என்றால் ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழு வரும் நாளில் பரிசோதித்து எழுதித் தருவார்கள், கண்ணாடியும் இலவசமாகக் கிடைக்கும். தனியார் பள்ளி என்றால் ஆரணி சாலையில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது.

காது: சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்ட பிள்ளைக்குப் பாதி காதில் விழும், பாதி விழாது. முதுகுப் பக்கம் நின்று, சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லாமல் ஏதாவது கேட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயிறு: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். ஆறாவது போனதும் ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஏழரை மணி பஸ் பிடித்து டவுனுக்கு வரும் பிள்ளை டீயும் பிஸ்கட்டும்தான் சாப்பிட்டிருக்கும். முதல் இரண்டு பாடவேளையில் அது தூங்கி வழிந்தால் மூளைக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? இரத்தச் சோகையும் இப்படித்தான் சோர்வாக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, இல்லை ஜன்னல் வழியாக எறிகிறதா என்று விசாரியுங்கள். குடற்புழு மாத்திரை தரும் நாளில் லீவு போடாதீர்கள்.

தூக்கம்: 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு சொல்கிறது. நம் வீட்டில் டியூஷன் முடிந்து ஒன்பது மணி, சாப்பாடு, அப்புறம் சீரியல். பதினொன்றுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுப்பினால் ஆறரை மணி நேரம்தான் ஆகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயிலில் ஷீட் கூரை வீட்டில் இரவு இரண்டு மணி வரை யாருக்குத் தூக்கம் வரும்? அந்த மாதங்களில் பிள்ளையின் கவனத்தை அளக்கவே வேண்டாம் என்பேன்.

பாஷை: இதை நம் மாவட்டத்துக்காகத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் உண்டு. குடியாத்தம், காட்பாடி எல்லைப் பக்கம் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது, பாஷை பிரியவில்லை. இந்தப் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்கிறோம். ஆசிரியர் சொல்வது புரியாதபோது எந்தப் பிள்ளையும் ஜன்னலைத்தான் பார்க்கும். சோதிப்பது சுலபம். அதே பாடத்தை வீட்டு பாஷையில் பத்து நிமிடம் சொல்லுங்கள். கண் விரிந்து கேட்கிறதென்றால் கவனத்தில் குறையில்லை. மூளைப் பயிற்சி ஆப்களில் பலவும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அவை அளப்பது பிள்ளையின் இங்கிலீஷை.

கடைசியாக, ஆசிரியர்கள் தவறவிடும் ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை சட்டென்று நின்றுவிடும். சில நொடிகள் வெறித்துப் பார்க்கும், இமை படபடக்கும், கூப்பிட்டால் திரும்பாது. அப்புறம் எதுவும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளில் பல முறை வரும். இதைப் பகல் கனவு என்று தலையில் குட்டிவிடுகிறோம். இது ஒருவகை வலிப்பு நோயாக இருக்கலாம். மூளை அலையைப் பார்க்கும் இ.இ.ஜி. பரிசோதனை உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான். ஆஸ்பத்திரியில் தலை முழுக்க இருபது இடங்களில் மின்முனை வைத்துப் பார்ப்பார்கள், நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்மையான அலைகள் வந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்தில் பெரும்பாலும் கட்டுப்படும். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அதற்கு முன் நெற்றிப் பட்டையும் வேண்டாம், மின்னி மின்னி அணையும் கேமும் வேண்டாம்.

படி 3: பட்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூளைச் செல்கள் கூட்டமாக வேலை செய்யும்போது மண்டை ஓட்டுக்கு வெளியே மிகச் சிறிய மின்னழுத்தம் கசியும். அளவு மைக்ரோவோல்ட் கணக்கு, அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாக வகுத்தால் வருவது. மனிதர்களிடம் இதை முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர், 1924-இல். நொடிக்கு 4 முதல் 8 வரை அசையும் மெதுவான அலைக்குத் தீட்டா என்று பெயர். 13 முதல் 30 வரை வேகமாக அசைவது பீட்டா. மந்தமாக இருக்கும்போது தீட்டா ஏறும், மும்முரமாக இருக்கும்போது பீட்டா ஏறும் என்பது பொதுவான கணக்கு. தீட்டாவைக் குறைத்து பீட்டாவைக் கூட்டப் பிள்ளையைப் பழக்கினால் கவனம் வரும் என்று 1970-களில் அமெரிக்காவில் ஜோயல் லூபார் முயன்றார். அதற்கு நியூரோஃபீட்பேக் என்று பெயர் வந்தது. திரையில் ஒரு கார் நிற்கும். பிள்ளையின் அலை 'சரியாக' இருந்தால் கார் ஓடும், மாறினால் நின்றுவிடும். கருவி செய்வது அவ்வளவுதான்.

யோசனையில் தப்பில்லை, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, நெற்றி. கடையில் விற்கும் பட்டைகளில் மின்முனை ஒன்றிரண்டுதான், அதிகம் போனால் நான்கைந்து. அவை உட்காரும் இடம் நெற்றியும் காதும். அங்கே மூளை அலையைவிடப் பல மடங்கு பெரிய மின்சாரத்தைக் கண்ணும் தசையும் தருகின்றன. இமைத்தால் ஒரு அலை, பல்லைக் கடித்தால் ஒரு அலை, புருவத்தைத் தூக்கினால் இன்னொன்று. நல்ல கருவி இவற்றைக் கழிக்க முயலும், மட்டமான கருவி எல்லாவற்றையும் 'கவனம்' என்று எண்ணில் காட்டிவிடும். டெமோவுக்குக் கூப்பிட்டால் நீங்களே பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். மனத்துக்குள் எதையும் நினைக்காமல் பல்லை மட்டும் இறுக்கிக் கடியுங்கள். கவன எண் எகிறியதென்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வரலாம். பிள்ளைகள் இந்தத் தந்திரத்தை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள், கார் பறக்கும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். 2021-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, அதாவது ஏ.டி.எச்.டி. உள்ள 7 முதல் 10 வயது வரையிலான 140-க்கும் மேற்பட்ட குழந்தைகள். ஆளுக்கு 38 அமர்வுகள். சிலருக்கு அவர்களுடைய அலையே திரையை ஓட்டியது. மற்றவர்களுக்கு வேறொரு குழந்தையிடம் முன்பே பதிவு செய்த அலையை ஓட்டினார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. முடிவில் இரண்டு குழுவும் முன்னேறின, ஏறத்தாழ ஒரே அளவில். 2024-இல் இப்படிப்பட்ட 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், யாருக்கு எந்தப் பயிற்சி என்று அறியாதவர்கள் போட்ட மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் தெரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள் என்பது. பக்கத்து வீட்டு அம்மா "எங்க பையன் மாறிட்டான்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. வாரத்தில் சில நாள் குறித்த நேரத்துக்குப் போய், ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாத அறையில், கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, முடிந்ததும் "சபாஷ்" வாங்கினால் பல பிள்ளைகள் மாறுவார்கள். இதெல்லாம் வீட்டில் காசில்லாமல் செய்யக்கூடியவை.

படி 4: கேம், அபாகஸ், கண்கட்டு வித்தை

இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: எதைப் பழகுகிறோமோ அது வரும், மற்றது தானாக வராது.

ஆஸ்திரேலியாவில் செயல் நினைவு குறைவாக இருந்த 6, 7 வயதுக் குழந்தைகள் 452 பேரை எடுத்து, ஒரு பாதிக்குக் கணினிப் பயிற்சி கொடுத்தார்கள். செயல் நினைவு என்பது கேட்டதைச் சில நொடி மனத்தில் வைத்திருந்து அதைக்கொண்டு வேலை செய்வது, மனக்கணக்கு போடும்போது நாம் செய்வது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வாசிப்பிலும் கணக்கிலும் பயிற்சி பெற்றவர்கள் முந்தவில்லை. கணக்கில் கொஞ்சம் பின்தங்கியே இருந்தார்கள். பயிற்சிக்காக வகுப்பு நேரத்தை விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். குஜராத்தில் வடோதராவில் 204 குழந்தைகளை வைத்து மூன்று வருடம் மன அபாகஸ் (மணிச்சட்டத்தை மனத்தில் நினைத்துக் கணக்குப் போடுவது) சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டல் கழித்தல் நன்றாக வந்தது. பொதுவான மூளைத் திறன் என்று எதுவும் கூடவில்லை. ஆக, அபாகஸ் வகுப்புக்குத் தாராளமாக அனுப்பலாம், கணக்குக்காக.

மூளை கேம் விற்ற லூமோசிட்டி நிறுவனம் விளம்பரத்தில் வாக்குறுதிகளை அள்ளிவிட்டதற்காக 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2020-இல் என்டெவர்-ஆர்எக்ஸ் என்ற வீடியோ கேமை, மருத்துவர் எழுதித் தரும் ஒன்றாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. 8 முதல் 12 வயது வரையிலான ஏ.டி.எச்.டி. குழந்தைகளுக்கு. கணினியில் எடுத்த கவனத் தேர்வில் மதிப்பெண் கூடியதைக் காட்டித்தான் அனுமதி வாங்கினார்கள். வகுப்பறையில் என்ன மாறியது என்பது தனிக் கேள்வி.

கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்க வைப்போம் என்னும் நடுமூளைத் தூண்டலுக்கு இரண்டு வரி போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளை மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்க்கிறது. புத்தகத்தைத் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள், தூண்டல் அணைந்துவிடும். விரல் ரேகை எடுத்துப் பிள்ளை டாக்டரா இன்ஜினியரா என்று சொல்லும் டெஸ்ட்டும் இதே ரகம்.

படி 5: எப்போது ஆஸ்பத்திரி?

வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் சிக்கல், ஆறு மாதத்துக்கு மேலாக, படிப்பையோ நட்பையோ கெடுக்கும் அளவுக்கு என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிக்கிறான், வாயால் சொல்லும் பதிலை எழுத வரவில்லை என்றாலும் அப்படித்தான்.

சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகிறார்கள். நாம் ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு "மனநலப் பிரிவா, ஐயோ, நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று வருடத்தைக் கழிக்கிறோம். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு சி.எம்.சி.யின் சில பிரிவுகள் இடம் மாறிவிட்டதால் எது எங்கே என்று முன்பே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். செலவில்லாமல் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனில் பேச டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், தலைமையாசிரியர் மூலமாகக் கேளுங்கள்.

படி 1-இல் எழுதிய நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். பத்து நிமிட ஓ.பி.யில் அந்த நோட்டு உங்களைவிட நன்றாகப் பேசும். கற்றல் குறைபாடு என்று தெரிந்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழித்தாள் விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடாதீர்கள், ஒன்பதாவதிலேயே தொடங்குங்கள்.

படி 6: ஆறு வாரச் சோதனை

இங்கேதான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கற்றலுக்கு உறுதியான சான்று இருக்கும் 'தொழில்நுட்பம்' இதுதான்: படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்வது. பெயர் பெரிதாக இல்லாததால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் கொஞ்சம் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம், திரும்பப் படித்தவர்களுக்கு 42. பரீட்சைக்கு முந்தின நாள் நெட்டுரு போட்டவனுக்கு அன்றைக்கு எல்லாம் தெரிந்த மாதிரியும் அடுத்த மாதம் எதுவுமே படிக்காத மாதிரியும் ஏன் இருக்கிறது என்பது இதில் புரியும். இதோடு இடைவெளி விட்டுக் கேட்பதையும் சேர்த்தால் இன்னும் நிற்கும்.

செய்முறை இதுதான். வீட்டில் சேர்ந்திருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டு அளவுக்கு வெட்டுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. 'ஒளிச்சேர்க்கைக்கு எது எது வேண்டும்?', '8 × 7?', 'வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு?' ஒரு அட்டையில் ஒரே கேள்வி. பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். மூன்று டப்பா வையுங்கள். முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பென்றால் எங்கிருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். ஒரு நாளைக்குப் புதிதாக ஐந்து அட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். முதல் வாரம் ஆர்வத்தில் முப்பது சேர்த்துவிட்டு இரண்டாம் வாரம் டப்பாவைப் பரணில் போடும் வீடுகள்தான் அதிகம்.

ஒரு விதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வாயைத் திறந்து விடையைச் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டு "தெரியும், தெரியும்" என்றால் அது எண்ணிக்கையில் வராது.

செல்போன் ஆப் வேண்டுமா? அங்கி (Anki) என்ற இலவச மென்பொருள் ஆண்ட்ராய்டு போனில் இதே வேலையைச் செய்யும், எந்த அட்டை எந்த நாள் என்று அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும். தமிழில் தட்டலாம். ஆனால் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு ஷிப்ட் போகும் அப்பாவோடு அந்த ஒரே போனும் போய்விடும். ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு திரும்பும், அப்போது தங்கச்சிக்கு கார்ட்டூன் வேண்டும். அந்த வீட்டுக்கு அட்டைதான் சரி. போன் இருக்கிற வீட்டில்கூடக் கீழ் வகுப்புப் பிள்ளைக்கு அட்டையே மேல் என்பது என் கட்சி. அறிவியல் பாடம் புரியவில்லை என்றால் பாடப்புத்தகத்தில் உள்ள க்யூ.ஆர். குறியீடு, கல்வித் துறையின் மணற்கேணி செயலி இரண்டும் இலவசம். முதலில் புரிய வைத்துவிட்டு அப்புறம் அட்டை எழுதுங்கள்.

இனி கவனத்துக்கு. ஒரு மேசைக் கடிகாரம் போதும், போன் டைமர் வேண்டாம், ஏனென்றால் டைமரோடு போனும் மேசைக்கு வந்துவிடும். படி 1-இல் பிள்ளை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எழுதியிருப்பீர்கள். எட்டு நிமிடம் என்றால் எட்டிலேயே தொடங்குங்கள். எட்டு நிமிடம் ஒரே வேலை, அப்புறம் மொட்டை மாடிக்கு ஓடிப் போய் வர மூன்று நிமிடம், மறுபடி எட்டு. மூன்று நாள் தொடர்ந்து எழாமல் இருந்தால் ஒரு நிமிடம் கூட்டுங்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் தன் வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கட்டும், பாட்டி பூ கட்டிக்கொண்டு இருந்தாலும் சரி. டிவி மட்டும் ஓடக் கூடாது. சாயங்காலம் ஒரு மணி நேரமாவது தெருவில் ஓடி விளையாடட்டும். 5 முதல் 17 வயது வரை நாளுக்கு 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் எண்ணிக்கை மட்டும். இரண்டிலிருந்து ஐந்தாம் வாரம் வரை அட்டையும் கடிகாரமும். ஆறாவது வாரம் புது அட்டை சேர்க்காமல் மறுபடி எண்ணுங்கள். முடிந்தால் எண்ணும் வேலையை டியூஷன் அக்காவிடம் கொடுங்கள், வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குச் சொல்லாமல். பாசம் உள்ளவர் எண்ணினால் எண்ணிக்கையும் பாசம் காட்டும். காலாண்டுத் தேர்வு ரேங்க்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேள்வித்தாள் எளிதாக வந்தாலே ரேங்க் மாறிவிடும்.

படி 7: இத்தனைக்குப் பிறகும் பட்டை வேண்டுமென்றால்

சரி, வாங்கிப் பாருங்கள். ஆனால் முழுக் கட்டணத்தையும் முதலில் கட்டாதீர்கள். மையத்தில் கேட்க வேண்டியவை: பயிற்சி தருபவர் என்ன படித்திருக்கிறார், குழந்தைகள் மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ மேற்பார்க்கிறாரா? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார்கள்? அவர்கள் கேமின் மதிப்பெண்ணையே காட்டினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், உங்கள் நோட்டில் இருக்கும் எண்ணிக்கைதான் கணக்கு. எத்தனை அமர்வில் பலன் தெரியாவிட்டால் நிறுத்தலாம், மீதிப் பணம் திரும்புமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மையமாக இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தலைவலி, களைப்பு என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அட்டையையும் கடிகாரத்தையும் அந்த வாரங்களிலும் தொடருங்கள்.

பள்ளிக்கு வாங்கச் சொல்லி வரும் விற்பனையாளர் பற்றித் தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-இல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பு முழுக்கப் பட்டை மாட்டி, யார் கவனிக்கிறார்கள் என்று ஆசிரியரின் திரையில் காட்டியது. படங்கள் வெளியானதும் எதிர்ப்புக் கிளம்பி நிறுத்த வேண்டியதாயிற்று. பல்லைக் கடித்தால் ஏறும் எண்ணை வைத்துப் பிள்ளைகளுக்கு ரேங்க் போடுவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அந்தப் பணத்தில் முதலில் ஷீட் கூரை வகுப்புக்கு மின்விசிறி போடலாம், எல்லாப் பிள்ளைக்கும் கண், காது பரிசோதனை செய்யலாம். வாரத்தில் மூன்று நாள் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில், போன வாரப் பாடத்திலிருந்து மதிப்பெண் இல்லாத ஐந்து கேள்வி கேட்கலாம், அதற்குப் பணமே வேண்டாம்.

மூளை அலையும் பிள்ளையின் சொந்தத் தகவல்தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது. சில விலக்குகள் உண்டு, நடைமுறை இன்னும் நம்மூர் மையங்களின் மேசைக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. அதனால் நீங்களே கேளுங்கள்: பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள், ஆப்பில் பிள்ளையின் முழுப் பெயரும் பிறந்த தேதியும் எதற்கு? நிறுத்தும் நாளில் கணக்கை நீக்கி, பதிவுகளை அழித்துவிட்டோம் என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பை உங்கள் போனிலிருந்து எடுத்துவிட்டால் மட்டும் கணக்கு அழியாது.